ரேடியம் வாசற்படி தாண்டிய நாள்

நேற்றுக் காலை, என் வீட்டு மாடியில் குடியிருக்கும் நிவேதா ஒரு பழுப்பு நிற நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு படியிறங்கி வந்தாள். ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரியும் பெண். என்னிடம் அதிகம் பேசமாட்டாள். பொதுவாக எவருமே பேசமாட்டார்கள். முப்பத்து நான்கு ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்த இந்த முகம், ஓய்வு பெற்ற பின்னும் தேர்வுக்கூடக் கண்காணிப்பாளரின் முகமாகவே தங்கிவிட்டது.

"சார், ஒரு நிமிஷம் இத புடிங்க சார், ஷூ மாட்டிக்கிறேன்" என்று, என் சம்மதத்துக்குக் காத்திராமல் குட்டியை என் கையில் வைத்துவிட்டுக் குனிந்தாள்.

"எப்போ கீழ விடலாம்னு சொல்லியிருக்காங்க?" என்றேன், ஏதாவது கேட்க வேண்டுமே என்பதற்காக.

"மூணாவது ஊசி போட்டாச்சு சார். இன்னும் ஒம்போது நாள் இருக்குது. போன்லயே கவுன்ட் டவுன் ஓடிக்கினு இருக்குது பாருங்க."

அவள் காட்டிய எண்ணை நான் பார்க்கவில்லை. குட்டியின் உச்சந்தலை என் முகவாய்க்கு நேரே இருந்தது. பாலும் ஈரத்துணியும், நெய் காய்ச்சி இறக்கிய பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருக்கும் கருகலும் கலந்தாற்போன்ற அந்த மணம்! நான் எளிதில் உணர்ச்சிவசப்படுகிறவன் அல்லன். இருந்தும், காலணி அணிந்து முடித்த பெண் கை நீட்டி நின்றபோது, குட்டியைத் திருப்பித் தர எனக்குச் சற்று நேரம் பிடித்தது. என்ன செய்வது, நண்பரே! அந்த மணம் என்னை முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

அப்போது எனக்குத் திருமணமாகி இரண்டாண்டுகள். சின்னக் காஞ்சிபுரத்தில் சேஷய்யா என்பவருடைய வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். அவர் நாற்பதாண்டுக் காலம் ஒரு பட்டுக்கடையில் முகூர்த்தப் புடவை விற்றவர். புடவை வாங்க வருகிறவர்கள் கல்யாணத் தேதியைச் சொல்லிக் கேட்டுக் கேட்டே, எந்த நாள் நல்ல நாள், எந்த நாள் ஆகாத நாள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. பஞ்சாங்கத்தைத் திறப்பதே தாம் சொன்னது சரியென்று எதிரில் இருப்பவருக்குக் காட்டுவதற்காகத்தான். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும்.

முசரவாக்கத்தில் என் சக ஆசிரியர் ஒருவர் வீட்டில் நாய் குட்டி போட்டிருந்தது. வேடிக்கை பார்க்கப் போன என் மனைவி கமலா, திரும்பும்போது ஒன்றைப் புடவைத் தலைப்பில் மறைத்துக் கொண்டுவந்துவிட்டாள். விளக்கு வெளிச்சத்தில் அதன் கண்கள் பச்சையாக மின்னியதால் நான் அதற்கு ரேடியம் என்று பெயரிட்டேன். கமலா அதை ரேடி என்று சுருக்கினாள். சேஷய்யாவுக்கு இரண்டுமே வாயில் நுழையவில்லை. கடைசிவரை அவருக்கு அது 'குக்க'தான். நாய் என்பதற்கு அவர்கள் மொழியில் அதுவே சொல்.

கால்நடை மருத்துவமனைக்கு அந்நாளில் மாடும் ஆடும்தான் வரும். நாய்க்குட்டியை எடுத்துக்கொண்டு சட்டையை உள்ளே விட்டு இடைவார் கட்டி வந்து நின்ற ஒரே ஆள் நான். மருத்துவர் என்னைவிட இளைய பெண்மணி. பசுவின் வயிற்றிலிருந்து கையை எடுத்துக் கழுவியபடியே பேசினார்.

"ஊசி மருந்து இங்க கிடைக்காது சார். மெட்ராஸ்ல போய் ஐஸ்ல வெச்சி எடுத்துக்கினு வரணும். மூணு தடவ. மூணாவது போட்டு பதினாலு நாள் கழிச்சுத்தான் கால் தெருவுல படணும். புதுசா ஒரு பேதி வந்திருக்குது, பார்வோன்னு பேரு. செத்த நாயி போயிடும், அந்த விஷம் மண்ணுல, துணியில, சாமான்ல மாசக்கணக்கா இருக்கும்."

"அதுவரைக்கும் வீட்டுக்குள்ளயே அடைச்சு வைக்கணுமா?"

"அடைச்சா பயந்தாங்கொள்ளியாயிடும். தூக்கிக்கினு போய் எல்லாம் காட்டுங்க. பஸ்ஸு, மேளம், பசங்க, மாடு, எல்லாத்தையும் பாக்கட்டும். எறக்கி மட்டும் விடாதீங்க."

தூக்கிக்கொண்டு போவதா! கல்லூரி விரிவுரையாளன், மாணவர்கள் நடமாடும் தெருவில், நாய்க்குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு! அந்தப் பணியைக் கமலாவிடம் ஒப்படைத்தேன். அவள் காய்கறிப் பையில் குட்டியை வைத்து, தலை மட்டும் வெளியே தெரியும்படி தேரடி வரைக்கும் போய் வருவாள். பையிலிருந்து இரண்டு காதுகள் நிமிர்ந்தும் மடிந்தும் உலகத்தைக் கேட்டன. நான் பத்தடி பின்னால், சம்பந்தமில்லாதவனைப் போல நடந்து வருவேன்.

மருந்து வாங்கச் சென்னைக்குப் போன மூன்று பயணங்களையும் மறக்க இயலாது. பிளாஸ்கில் பனிக்கட்டி, அதற்குள் விரலளவுப் புட்டி, அதை மடியில் அணைத்தபடி நான். ஒருமுறை வாலாஜாபாத் தாண்டியதும், முன் இருக்கையில் இருந்த பெண் திரும்பி, "அண்ணா, கொழந்த அழுவுது, ரவ வெந்நீ இருந்தா ஊத்துண்ணா" என்று பால்புட்டியை நீட்டினாள். அதில் இருப்பது ஐஸ் என்றேன். "ஐஸ எவனாவது பிளாஸ்க்ல வெப்பானா? தரமாட்டேன்னு சொல்லேன்" என்றாள். பேருந்து முழுவதும் என்னை ஒரு கல்நெஞ்சக்காரனாகப் பார்த்தது. விளக்கம் சொல்லவில்லை. நாய்க்கு மருந்து என்று சொல்வதைவிடக் கல்நெஞ்சக்காரனாக இருப்பது அன்று எனக்குக் கௌரவமாகப் பட்டது.

மூன்றாம் ஊசி ஒரு செவ்வாய்க்கிழமை போடப்பட்டது. அடுத்த செவ்வாய், அதற்கடுத்த செவ்வாய். நாட்காட்டியில் கமலா வட்டமிட்டாள். அதைச் சுற்றி நான் இன்னொரு வட்டமிட்டேன். அந்தப் பதினான்கு நாட்களில் எங்கள் பின்கட்டு பட்ட பாட்டை எப்படிச் சொல்வேன்! எந்தத் தெரு வழியாகப் போவது, எந்த மரத்தடியில் முதலில் நிற்பது, மாடு எதிரில் வந்தால் என்ன செய்வது என்று இரவு உணவின்போது நாங்கள் திட்டமிட்ட அளவுக்கு எங்கள் திருமணத்துக்குக்கூட எவரும் திட்டமிடவில்லை. குட்டியின் கழுத்துக்குச் சிவப்புத் தோல் பெல்ட் ஒன்று வாங்கினேன். அந்தச் செவ்வாய்க்கு அடுத்த நாள் புதன்கிழமை முதல் எனக்குச் சென்னையில் பன்னிரண்டு நாள் விடைத்தாள் திருத்தும் பணி இருந்தது. ஆகவே, முதல் நடையை நானே நடத்த வேண்டுமானால் செவ்வாயை விட்டால் நாளில்லை.

சேஷய்யாவிடம் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"செவ்வாய்க்கெழமையா? அஷ்டமி சார் அன்னிக்கி! மொத மொதல்ல என் வாசப்படிய தாண்டுற ஜீவன். அஷ்டமியில தாண்டுச்சின்னா அப்படியே போவட்டும், திரும்பி உள்ள வர வேணாம்."

"இது நாய்ங்க."

"நாயின்னா? ராசி இல்லியா அதுக்கு?"

வீட்டுக்கு உரியவர் அவர். நாய் வளர்க்கச் சம்மதித்ததே பெரிது. கமலா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில், விஞ்ஞானத்தைக் கொஞ்சம் மூடி வையுங்கள் என்ற வேண்டுகோள் இருந்தது. சேஷய்யாவே வழியும் சொன்னார். ஆகாத நாளில் பயணம் போக வேண்டியவர்கள், அதற்கு முந்தைய நல்ல நாளிலேயே தம் பொருள் ஒன்றை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பயணம் அன்றே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. கிளம்பும் நாளில் அந்தப் பொருளை எடுத்துக்கொண்டு போய்விடலாம். பரஸ்தானம் என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சஷ்டி, சுத்தமான நாள். அன்று குட்டியின் பெல்ட் தெருவைத் தாண்டிவிட்டால் போதும், குட்டி செவ்வாயன்று தாராளமாகப் பின்தொடரலாம்.

நான் சிரித்தேன். பிறகு ஒப்புக்கொண்டேன். இரண்டு மாதங்களுக்கு முன்புதான் நகர நூலகத்தில் 'அன்றாட வாழ்வில் அறிவியல் மனப்பான்மை' என்ற தலைப்பில் ஒன்றரை மணி நேரம் பேசிக் கைத்தட்டல் வாங்கியிருந்தேன் என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

ஞாயிறு காலை, பெல்ட்டுக்கு மஞ்சள் தடவி, வெற்றிலைத் தட்டில் வைத்து, சேஷய்யாவே எதிர்வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். எதிர்வீட்டில் இருந்தவர் மரியதாஸ். மின்கம்பம் ஏறும் பணியாளர். கிறிஸ்தவரான அவருக்கு இந்தச் சடங்கின் தலையும் தெரியாது வாலும் தெரியாது. ஆனால் நாய்க்காரியம் என்றதும் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாராம். அவரிடமும் டைகர் என்று ஒரு நாய் இருந்தது. சில காலமாக வாசலில் அதைக் காணவில்லை. எங்கே என்று நான் கேட்டதில்லை. பிறர் வீட்டுச் செய்தியை விசாரிக்காதவன் என்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

ஞாயிறு மாலை வரைக்கும்தான் என்னால் பொறுக்க முடிந்தது. குட்டி பெல்ட்டையே பார்த்ததில்லையே, செவ்வாயன்று திடீரென்று மாட்டினால் மிரண்டுவிட்டால் என்ன செய்வது? ஓர் ஒத்திகை வேண்டாமா? சேஷய்யா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் எதிர்வீட்டுக்குப் போய், "கொஞ்சம் அந்த பெல்ட்டு வேணும்" என்று வாங்கி, வேட்டி மடிப்பில் ஒளித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த ஒரு மணி நேரம்! அறைக்குள் கட்டிலைச் சுற்றி நானும் ரேடியமும் நடந்தோம். அது பெல்ட்டைக் கடித்தது, நக்கியது, முன்காலால் பிடித்துக்கொண்டு மல்லாந்தது. கமலா கட்டில்மேல் ஏறி நின்று மாடாக நடித்தாள். "அம்மா" என்று அவள் கத்தியதும் குட்டி என் கால்களுக்கிடையில் புகுந்து, அடுத்த கணமே தைரியம் பெற்றுத் திரும்பிக் குரைத்தது. வாழ்க்கையின் முதல் குரைப்பு! மூன்று பேரும் மூச்சிரைக்கத் தரையில் உட்கார்ந்துவிட்டோம்.

திங்கள் விடிந்ததும் பெல்ட்டைத் திருப்பிக் கொண்டுபோனேன். மரியதாஸ் அதை வாங்கித் துடைத்து, கதவுக்குப் பின்னால் இருந்த ஓர் ஆணியில் பவ்யமாக மாட்டினார்.

"நம்ம டைகர் பெல்ட்டு மாட்டுற ஆணி சார் இது. ஒங்களுதுன்றதாலதான் இதுல மாட்டுனேன். வேற யாருதும் மாட்ட மாட்டேன்."

"டைகர் எங்க?"

"ஒங்களுக்குத் தெரியாதா சார்? போன மாசமே போயிட்ச்சி. நாலு நாளு. வாந்தி, ரத்தம் ரத்தமா பேதி. அந்த மூலையிலதான் படுத்துக்கினு இருந்துச்சி."

அந்த மூலை ஆணிக்கு நேர் கீழே இருந்தது.

நான் என்ன சொல்லிவிட்டு வெளியே வந்தேன் என்பது நினைவில்லை. மிதிவண்டியை எடுத்துக் கால்நடை மருத்துவமனைக்கு விட்டேன். வழி நெடுகப் பொய்களை அடுக்கிப் பார்த்தேன். பெல்ட் தவறி எதிர்வீட்டில் விழுந்துவிட்டது. பெல்ட்டைக் காக்கை தூக்கிப் போயிற்று. பெல்ட்டை மரியதாஸ் பார்க்கக் கேட்டார். எதுவுமே, பெல்ட் அந்த வீட்டில் எத்தனை நேரம் இருந்தது, குட்டியிடம் எப்படி வந்தது என்று மருத்துவர் கேட்கப்போகும் இரண்டாவது கேள்விக்குத் தாங்காது. மருத்துவமனையில் ஆட்டுக்காரர்கள் ஏழெட்டுப் பேர். அவர்களில் ஒருவர் என் மாணவனின் தந்தை. எல்லார் முன்னிலையிலும் நின்று உண்மையைச் சொன்னேன்: பரஸ்தானம், மஞ்சள், வெற்றிலை, திருட்டு ஒத்திகை, ஆணி.

மருத்துவர் கேட்டு முடித்துவிட்டு, "நூலகத்துல நீங்க பேசுன அன்னிக்கு மூணாவது வரிசையில உக்காந்திருந்தேன் சார்" என்றார். ஆட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "நாய வீட்ல பத்திரமா வெச்சிட்டு பெல்ட்ட நோய் வீட்டுக்கு அனுப்பி வெச்சிருக்கீங்க. பன்னெண்டாம் நாளு. இன்னும் ரெண்டு நாள் பொறுத்திருக்கலாம்."

"பிழைக்குமா?"

"மூணு ஊசியும் ஒழுங்கா போட்டிருக்குது. பெரும்பாலும் காப்பாத்திடும். சில குட்டிக்குக் கடைசி ஊசி வேலை செய்ய நாளாகும், அதுக்குத்தான் பதினாலு சொன்னேன். பெல்ட்ட கொளுத்துங்க. தரைய பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுங்க. எதிர்வீட்டுலயும் கழுவச் சொல்லுங்க. பத்து பன்னெண்டு நாள் வெளிய விடாதீங்க. சாப்பிடலன்னாலோ வாந்தி எடுத்தாலோ ஓடி வாங்க."

மரியதாஸிடம் விஷயத்தைச் சொல்லி வாங்கி வந்த சிவப்பு பெல்ட் புழக்கடையில் எரிந்தது. புகையைப் பார்த்து வந்த சேஷய்யாவிடம் கமலா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நான் எதிர்பார்த்த வசவு வரவில்லை. அவர் போய் இரண்டு கிலோ பிளீச்சிங் பவுடர் வாங்கி வந்து, தம் கையாலேயே வாசற்படியில் தூவினார். கோலம் போடும் இடமெல்லாம் வெள்ளையாய்க் கிடந்தது.

புதன்கிழமை நான் சென்னைக்குப் போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. கையில் விடைத்தாள், கண்முன் குட்டி. அந்த ஆண்டு என்னிடம் மதிப்பெண் வாங்கிய மாணவர்கள் அதிருஷ்டசாலிகள். பென்சீன் வளையத்தை அறுகோணமாக வரைந்தவனுக்கெல்லாம் மனமுவந்து போட்டேன். மாலையானால் தொலைபேசிக் கடையில் வரிசையில் நிற்பேன். தொலைபேசி சேஷய்யாவின் முன்கட்டில்தான் இருந்தது. மணி அடித்ததும் அவரே எடுத்து, நான் பேசுமுன் கத்துவார்: "குக்க தின்னுச்சி சார்! ரெண்டு தட்டு!" மறுநாள்: "குக்க என் செருப்ப தின்னுச்சி சார்! நல்லா இருக்குது!" செருப்பு போனதில் அவருக்கு அத்தனை மகிழ்ச்சி.

ஐந்தாம் நாள் அவர் குரல் தணிந்திருந்தது. "வாந்தி எடுத்துட்ச்சி சார். அம்மா தூக்கிக்கினு டாக்டர்கிட்ட போயிருக்காங்க."

அரை மணி நேரம் அந்தக் கடை வாசலில் நின்றேன். அடுத்தவர்கள் பேசி முடிக்க முடிக்க மீண்டும் வரிசையின் கடைசிக்குப் போனேன். மீண்டும் அழைத்தபோது எடுத்தவர் சேஷய்யாதான். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை.

"மஞ்சக் காயிதம் சார்! வாந்தியில பூரா மஞ்சக் காயிதம்! என் பஞ்சாங்கத்த தின்னுட்டிருக்குது சார், ஆனியிலேர்ந்து பங்குனி வரைக்கும்! டாக்டரம்மா ஒண்ணுமில்லன்னுட்டாங்க!"

அந்தக் கடையில், முன்பின் தெரியாத பதினைந்து பேர் நடுவில், நான் உரக்கச் சிரித்தேன். என்னைத் தெரிந்தவர் எவரும் அங்கு இல்லை என்று அப்போது எண்ணிக்கொண்டேன். பின்னாளில்தான் தெரிந்தது, எனக்குப் பின்னால் மூன்றாவதாக நின்றவர் எங்கள் கல்லூரித் தமிழாசிரியரின் மைத்துனராம்.

பன்னிரண்டு நாள் முடிந்து நான் ஊர் திரும்பியதும் மருத்துவர் குட்டியின் வாயை, வயிற்றை, வெப்பத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கே இறக்கி விடுங்க" என்றார். நாளை என்ன நாள் என்று சேஷய்யாவைப் பார்த்தேன். "டாக்டரம்மா சொன்ன நாளுதான் முகூர்த்தம்" என்றவர், ஒரு கணம் கழித்து, "ராகுகாலம் மட்டும் போவட்டும் சார்" என்றார்.

ராகுகாலம் போனது. புதிய பெல்ட், இம்முறை நீலம். ரேடியம் வாசற்படியின் விளிம்பில் நின்று கீழே எட்டிப் பார்த்தது. ஒரு முன்காலை நீட்டியது, இழுத்துக்கொண்டது, மீண்டும் நீட்டியது. மண் பட்டதும் பாதத்தை உதறி, அதை முகர்ந்து பார்த்தது. பிறகு ஒரே பாய்ச்சல்! முனிசிபாலிட்டிக் குழாயடி வரை நான் ஓடினேன். ஆம், ஓடினேன்; வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாணவர்கள் பார்க்க, கமலா கை தட்ட, சேஷய்யா "குக்க! குக்க!" என்று கூவ. குழாயடியில் ரேடியம் நின்று, தான் ஏதோ பெரிய காரியம் செய்துவிட்டதுபோல் என்னை நிமிர்ந்து பார்த்தது.

திரும்பி வரும்போது மரியதாஸ் தம் வாசலில் நின்றிருந்தார். "இங்க வாங்க, பாருங்க" என்று கூப்பிட்டேன்.

"வேணாம் சார், கிட்ட வர்ல. மூணு வாட்டி கழுவிட்டேன், ஆனாலும் வேணாம். நான் இங்கேர்ந்தே பாத்துக்குறேன்."

குட்டியைக் கமலாவிடம் கொடுத்துவிட்டு நான்தான் தெருவைக் கடந்து போனேன். "டைகர் எப்படி இருக்கும், சொல்லுங்க" என்றேன். ஒரு மாதத் தாமதமான விசாரிப்பு. அவர் முக்கால் மணி நேரம் பேசினார். கம்பத்தில் அவர் ஏறினால் அடியில் உட்கார்ந்து, அவர் இறங்கும்வரை எவரையும் அண்டவிடாதாம். கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ரேடியம் பதின்மூன்று ஆண்டுகள் எங்களோடு வாழ்ந்தது. சேஷய்யாவின் வீடு இப்போது பட்டு வாங்க வரும் வண்டிகள் நிற்குமிடம். மருந்துப் புட்டிக்காகச் சென்னைக்கு எவரும் பிளாஸ்க் தூக்குவதில்லை. நல்லது, அந்தப் பயம் ஒழிந்ததில் எனக்கு வருத்தமில்லை. மரியதாஸ் ஓய்வு பெற்று மகனோடு ஆவடிக்குப் போனார். அங்கேயே காலமானதாகக் கேள்விப்பட்டேன். இப்போதும் மாலையில் அந்தத் தெருவழியாகப் போகிறேன். நாயோடு நடப்பவர்கள் நிறையப் பேர், எல்லாம் நன்கு வளர்ந்த நாய்கள். தம் வீட்டு மண்ணில் ஒரு துகள்கூட இன்னொருவர் குட்டியின்மேல் பட்டுவிடக் கூடாதென்று கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஆனால் கழுத்தை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவும் நீட்டி, சிரித்தபடி பார்த்து நின்ற அந்த மனிதர் மட்டும் எதிர்வாசலில் இல்லை.